தண்ணீர் கேட்காத பம்பு

பல் ஆஸ்பத்திரி நாற்காலிகள் செய்யும் தொழிற்சாலையில் என் மனைவி ஃபிட்டர். நோயாளியின் வாயில் சேரும் எச்சிலையும் தண்ணீரையும் உறிஞ்சும் பம்பு அவள் கைவேலை. நான் அங்கே வேன் டிரைவர். மூளை அவளுக்கு, முதுகு எனக்கு என்று எங்களுக்குள் பங்கு பிரித்தாகிவிட்டது.

பழுது பார்க்கப் போன ஒரு கிளினிக்கில், பம்பின் கழிவுக் குழாய்க்குக் கீழே டிரம் ஒன்றை வைத்தாள். மதியத்துக்குள் நிரம்பி வழிந்தது. பம்புக்குள் காற்று கசியாமல் அடைப்பதற்காகவே ஓடிய நல்ல தண்ணீர் அது.

"நாலு பேர் வாய்க்கு ஒரு டிரம்மாங்க?" என்று என்னிடம் பாய்ந்தாள், நான்தான் திறந்துவிட்டதுபோல.

அதன்பின் ஒன்றரை வருடம், வேலை நேரம் முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து, தண்ணீரே தேவைப்படாத பம்பு ஒன்றைச் செய்தாள்.

முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். "ஒரு டாக்டர் நிஜ பேஷண்ட்டுக்கு அரை மணி நேரம் ஓட்டிப் பாக்கட்டும். நடுவுல நின்னா பழைய இரும்புக்குப் போட்ருவேன்."

முதலாளியோடு, டிரம் வைத்த அதே கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் கையை விரித்தார். "தண்ணி தொண்டைக்குள்ள போச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது? நான் யாரைப் படுக்க வைக்கிறது?"

"என்னை வைங்க டாக்டர். கடைவாய்ப் பல்லு சொத்தை."

சொன்ன கையோடு ஏறிப் படுத்துவிட்டாள்.

மரத்துப்போக ஊசி போட்டு, டாக்டர் பல்லைக் குடைந்தார். கருவி தண்ணீரைப் பீய்ச்சப் பீய்ச்ச, பம்பு உறிஞ்சிக்கொண்டே இருந்தது. இருபதாவது நிமிடம் சத்தம் கம்மியது. முதலாளி சுவிட்சை அணைக்கப் போனார். அவள் படுத்தபடியே கையை ஆட்டித் தடுத்தாள். உறிஞ்சு குழாயின் முனை அவள் கன்னத்தையே கவ்விக்கொண்டிருந்தது. விரலை விட்டு விடுவித்தாள். சத்தம் சீரானது.

அரை மணி தாண்டியும் பம்பு நிற்கவில்லை. வெளியே வந்தது, அவள் வாயிலிருந்து உறிஞ்சியது மட்டும், ஒரு ஜாடி. இவளோடா இத்தனை வருடம் உப்பு குறைச்சல் என்று சண்டை போட்டேன்!

"முதல்ல பத்து பம்பு பண்ணுவோம்மா" என்றார் முதலாளி.

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "இது ஆறு மாசச் சொத்தை. வலி உயிரை எடுத்திருக்குமே. அப்பவே வந்திருக்கலாம்ல?"

மரத்த நாக்கால் குழறினாள். "வந்திருந்தா அடைச்சிருப்பீங்க. அப்புறம் இன்னிக்கு யாரைப் படுக்க வைப்பீங்க?"

அந்த ஆறு மாதமும் அவள் பக்கத்தில் குறட்டை விட்டுத் தூங்கியவன் நான். வேனை எடுத்து வைக்கிறேன் என்று வெளியே வந்து, அழுதேன்.