பாப்பா சாப்பிட்டாச்சா?

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் ஒரே வரிசையாக ஆறு வீடுகள். ஆறுக்கும் ஒரே தகரக் கூரை. வீட்டுக்கு வீடு சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரை போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி இருக்கும். அந்த வழியாகத்தான் என் மனைவியும் பக்கத்து வீட்டு அக்காவும் பேசிக்கொள்வார்கள், தீப்பெட்டி கைமாறும். அடுத்த வீட்டில் என்ன கறி என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. வாசமே சொல்லிவிடும்.

மகளுக்கு ஆறு வயதில் இரத்தப் புற்றுநோய் என்றார்கள். கொழும்புக்குப் போய் மருந்து ஏற்றுவோம். பிறகு சில வாரம் வீடு, மறுபடியும் ஆஸ்பத்திரி. மனைவி கொழுந்து பறிக்கப் போவதை நிறுத்த முடியாது. அதனால் நான் வேலையை விட்டுப் பிள்ளையோடு இருந்தேன்.

இரண்டாவது தடவை மருந்து ஏற்றியபின் அவள் மிகவும் மெலிந்துவிட்டாள். வார்டில் இருந்த நர்ஸ் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சிங்களத்தில் விளக்கினார். எடை இன்னும் இறங்கினால் அடுத்த மருந்தைத் தள்ளிப்போட வேண்டிவரும். மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் சாப்பாடு கொடுக்க வேண்டியிருக்கும். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கு அந்தக் குழாய் இருந்தது. மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வற்புறுத்தாதே, அவள் கேட்கிற நேரத்தில் கொடு, சூடாக இருந்தால் அதிகம் மணக்கும், ஆக்கியதைக் கொஞ்சம் ஆறவிட்டுக் கொடு என்றார் மிஸ். "டிக டிக தென்ன" என்று விரல் நுனியால் காட்டினார். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்து சமைக்கப் பழகினேன். உருளைக்கிழங்கை அவித்து பட்டர் போட்டு மசித்தேன். பருப்புச் சோற்றைக் குழைய ஆக்கி ஆறவைத்தேன். அவளும் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு எண்ணெய்ச் சட்டியில் கருவாடு விழுந்தது. வாசம் சுவரைத் தாண்டி வந்தது. மருந்துக்குப் பிறகு அவளுக்கு எந்த வாசமும் ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது. அடுத்த நாள் வேறொரு வீட்டுப் பூண்டுத் தாளிப்பு. தட்டோடு அவளைத் தூக்கிக்கொண்டு தேயிலைச் செடிப் பக்கம் போய் ஊட்டிப் பார்த்தேன். தூறலில் நனைந்தாள். காய்ச்சல் வந்தால் ஆபத்து என்று சொல்லியிருந்ததால் அதையும் விட்டேன்.

பகல் முழுவதும் மழையில் நின்றுவிட்டு வருகிற மனுசர்கள். அவர்களிடம் கருவாடு பொரிக்காதீர்கள் என்று எப்படிச் சொல்வது? சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு இரண்டு முறை அக்காவின் வாசலுக்குப் போனேன். இரண்டு முறையும் உப்பு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

கடைசியில், எல்லோரும் வேலைக்குப் போன பிறகு, ஸ்டூலில் ஏறிச் சுவருக்கும் கூரைக்கும் நடுவில் உரச் சாக்குகளைத் திணித்தேன்.

சாயந்தரம் அக்கா வேலை முடிந்து வீட்டுக்கு வந்தார். சாக்குகளைப் பார்த்ததும் நேராக எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

"என்னா தம்பி இது? எங்க மூச்சுக் காத்துகூட ஒங்களுக்கு ஆகாதா? நாங்க என்னா, நோவக் கொண்டாந்தா ஒட்டிட்டோம்?"

அப்போதுதான் வேலை முடிந்து வந்த மனைவிக்கும் ஒன்றும் தெரியாது. "என்னாங்க, எதுக்கு இப்புடிச் செஞ்சீங்க?" என்றாள். கட்டிலில் படுத்திருந்த மகள்தான் பேசினாள்.

"அத்தை, நீங்க கருவாடு பொரிச்சா எனக்கு வாந்தி வருது. அப்பாவுக்குச் சொல்ல வெக்கம்."

அக்கா என்னையே பார்த்தார். "அதுக்குத்தான் ரெண்டு வாட்டி உப்பு வாங்கிட்டுப் போனியா? நான்கூட என்னாடா இது, இந்த வீட்ல உப்பையா திங்கிறாங்கன்னு நெனச்சேன்!"

மனைவி சிரித்துவிட்டாள். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். "மொதல்ல இதப் புடுங்கணும். சாக்கு பூரா ஒர நாத்தம். புள்ளைக்கு இது மட்டும் ஆகுமாக்கும்?"

அது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாளிலிருந்து எண்ணெய்ச் சட்டியை வைக்கும் முன் சுவருக்கு மேலே அக்காவின் குரல் வரும். "பாப்பா சாப்பிட்டாச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"இன்னும் இல்லையாம்!" என்று அடுத்த சுவருக்குச் சொல்வார். அது கடைசி வீடு வரை போகும். கருவாட்டை மட்டும் வெளியே, கோழிக்கூட்டுப் பக்கம் அடுப்பு மூட்டிப் பொரித்தார்கள். பசியோடு காத்திருக்கும் ஆண்களில் யாராவது, "மகாராணி, சீக்கிரம் முழுங்குங்க, எங்களுக்கும் வயிறு இருக்கு!" என்று கத்துவார்கள். மகள் சிரித்துக்கொண்டே இன்னொரு வாய் வாங்குவாள். அவள் சாப்பிட்டுக் கண் அசந்த பிறகே "ஆச்சு" என்பேன். உடனே ஆறு வீட்டிலும் கடுகு வெடிக்கும்.

சில நாள் இரண்டு வாயோடு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சில நாள் அதுவும் இல்லை. அதற்காக ஒருத்தரும் முகம் சுளித்ததில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் அவளைத் தராசில் ஏற்றியபோது நான் முள்ளைப் பார்க்கவில்லை, மிஸ்ஸின் முகத்தைத்தான் பார்த்தேன். எடை இறங்கவில்லை. "ஹொந்தாய்", நல்லது என்று மகளின் கன்னத்தைத் தட்டினார். "குழாய் இல்லைதானேப்பா?" என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். மருந்தைத் தள்ளிப்போடாமல் அன்றைக்கே ஏற்றத் தொடங்கினார்கள்.

வைத்தியம் இன்னும் முடியவில்லை. ஆனாலும் அந்த நாளை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது அக்காவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். மற்ற ஐந்து வீட்டுக்கும் சேர்த்து ஏதாவது நல்லதாகச் சொல்ல நினைத்தேன்.

"சமையல் ஆச்சாக்கா?" என்றுதான் கேட்டேன்.

"எங்க ஆச்சு? பாப்பா இல்லாம எப்ப தாளிக்கிறதுன்னே வெளங்கல," என்றார்.