பந்தின் அடிப்பக்கம்

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் முப்பது வருடமாக பேட்டர்ன் வெட்டுகிறேன். கால் வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் அச்சு இருக்கும், லாஸ்ட் என்போம். அதன் மேல் டேப் ஒட்டி, கோடு போட்டு, உரித்து, மேசையில் தட்டையாகப் படுக்க வைப்பது என் வேலை. உருண்டையானது எதுவும் சும்மா படுக்காது. எங்கே கீறினால் படுக்கும் என்று தெரிந்தவனுக்குத்தான் சம்பளம். எனக்குத் தெரியும் என்கிற திமிர் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி, இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மகள் அப்போது வேலூரில் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம். கோள்களை உருண்டையான திரையில் காட்டுவதுதான் அவளுடைய ப்ராஜெக்ட். பெரிய வெள்ளைப் பந்து ஒன்றைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, நான்கு மூலையிலும் புரொஜெக்டர் வைத்து, நான்கு படமும் விளிம்பு தெரியாமல் சேரும்படி மாதக்கணக்கில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தாள். செவ்வாய், வியாழன், கடைசியில் பூமியும் அதன் பனியும். பனி மாதாமாதம் ஏறி இறங்குவதை செயற்கைக்கோள் படங்களிலிருந்து எடுத்திருந்தாள். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து இரண்டு பேர் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் உதவித்தொகை கொடுத்து அங்கேயே சேர்த்துக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால் என்ன என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. எங்கள் தெருவில் அதற்கு ஒரே பதில்தான். காலையில் கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொள்ளும்.

கடையில் விற்கிற பந்து எதுவும் சரிப்படவில்லை. ஒன்று பளபளத்தது, இன்னொன்றில் வரிவரியாகக் கோடு. நான் தைத்துத் தருகிறேன் என்றேன். முதுகுவலிக்காரர்கள் உட்கார்ந்து உடற்பயிற்சி செய்கிற பெரிய காற்றுப் பந்தை வாங்கி, வெள்ளை லைனிங் துணியில் அதற்கு உறை வெட்டினேன். ஆரஞ்சுச் சுளை மாதிரி பன்னிரண்டு துண்டு. தையலை விரலால் தடவினாலும் தெரியாது. பந்தை உள்ளே நுழைக்க ஒரு வாய் வேண்டுமே, அதை அடியில் வைத்தேன். துணியை இழுத்துப் பிடித்து, சுருக்கத்தை எல்லாம் அடியில் கொண்டுபோய்ச் சேர்த்து, மடித்து, பசை போட்டு ஒட்டினேன். யோசித்துச் செய்தது இல்லை. ஷூவில் தோலை லாஸ்டின் மேல் இழுத்தால் மிச்சத்தை எல்லாம் அடியில்தான் மடிப்போம், சோல் வந்து மூடிவிடும். கை அதுபாட்டுக்குச் செய்தது.

ஒருநாள் முன்னாடியாவது கொடு, தொங்கவிட்டுப் பார்க்கணும் என்று மூன்று தடவை கேட்டாள். கம்பெனியில் ஷிப்மெண்ட் நெருக்கடி. "முன்னாடியே பாக்கறதுக்கு அது இன்னா கல்யாணப் பொண்ணா?" என்று கிண்டல் பண்ணி அனுப்பிவிட்டேன். பெங்களூர்க்காரர்கள் வருகிற அன்று காலையில்தான் பந்தைத் தூக்கிக்கொண்டு அவளோடு கல்லூரிக்குப் போனேன். எல்லோருக்கும் தெரியட்டும் என்று ஆள் தலைக்கு மேலே நானே ஏறிக் கட்டினேன். கட்டி முடிக்கவும் அவர்கள் வரவும் சரியாக இருந்தது.

ஹாலை இருட்டாக்கினார்கள். செவ்வாய் சிவப்பாகச் சுற்றியது. வியாழன் பட்டை பட்டையாகச் சுற்றியபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் சுவரோரம் நின்று என் தையலைத் தேடினேன். எனக்கே தெரியவில்லை. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அப்புறம் பூமி வந்தது. மகள் பனியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, பெங்களூரிலிருந்து வந்த இரண்டு பேரில் ஒரு வயதான அம்மா பந்தைச் சுற்றி நடந்தார். பிறகு அதன் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். தெற்கே அவ்வளவு பெரிய பனிக் கண்டம் இருப்பது எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. நான் மடித்து ஒட்டிய சுருக்கம் அத்தனையும் அதன் மேல் கிடந்தது. ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு கருப்பு நிழல். கரையோரம் உடைந்து, ஒரு பக்கத்துப் பனி இன்னொரு பக்கத்தில் ஏறி நின்றது.

அந்த அம்மா இங்கிலீஷில் கேட்டது எனக்குப் பாதிதான் புரிந்தது. துருவத்தில் கணக்கைச் சரிபார்த்தாயா, இந்த விரிசல் எல்லாம் பனியில் இருக்கிறதா, உன் கணக்கில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மகள் குனிந்து பார்த்தாள். பிறகு ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பினாள். மறுபடி அந்த அம்மாவைப் பார்த்து, என் தப்புதான் மேடம் என்று இங்கிலீஷில் சொன்னாள்.

அது துணியம்மா, நான் மடித்தது, பிள்ளையின் கணக்கில் தப்பில்லை என்று தமிழிலேயே சொல்லியிருக்கலாம். யார் தடுத்தார்கள்? சாயம் ஏறிய நகத்தோடு கம்பெனிக்காரன் ஒருவன் நடுவில் புகுந்து பேசினால் அவளுக்குத்தான் அசிங்கம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். தலைமுறைக்கும் பேர் சொல்லும் என்று பீற்றிக்கொண்ட கை தப்புப் பண்ணிவிட்டதை அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு வாரத்தில் பெங்களூரிலிருந்து மெயில் வந்தது, இடம் இல்லை என்று. யோசனை நன்று, துருவப் பகுதிக் கணக்கில் அடிப்படை போதவில்லை, வாழ்த்துகள். புரொஜெக்டர் மெஷின் காலை வாரிவிட்டது என்று மகள் தன் அம்மாவிடம் சொன்னாள். என் மனைவி அந்த மெஷினை ஒரு மணி நேரம் திட்டினாள். நான் உட்கார்ந்து டீ குடித்தேன்.

ஆவணியில் நானே மேனேஜரிடம் பேசி அவளைத் தரப் பரிசோதனை மேசையில் சேர்த்தேன். முதல் நாள் இரண்டு பேரும் ஒரே பஸ். பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். பஸ் பாலாற்றுப் பாலம் தாண்டியது. அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீ தச்சதுன்னு தெரிஞ்சா உன்ன எதனா சொல்லிடுவாங்களோன்னு பயந்துட்டேன்பா. அதான் நான் சொன்னேன். நீ உடனே இல்ல, நான் தச்சதுதான்னு சொல்லுவன்னு நெனச்சேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கம்பெனி கேட் வந்தது, அவள் எழுந்து பெண்கள் வரிசையில் போய் நின்றுகொண்டாள்.