பதினொன்றே முக்காலுக்கு அக்கா வந்தார்

உழவர்கரையில் எங்களுக்கு அடுத்த தெருவில் ஒரு வீட்டுப் பூட்டை உடைத்துவிட்டார்கள். உடனே நமக்கும் அலாரம் வேண்டும் என்று குதித்தது நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை என்னைவிட ஒழுங்காக யாரும் செய்ததில்லை.

சேதராப்பட்டிலிருந்து வந்த டெக்னீஷியன் வாசல் கதவுக்கு உட்பக்கம் ஒரு பெட்டியை மாட்டினார். சாவி போட்டுத் திறந்த அரை நிமிடத்துக்குள் அவரவர் நம்பரை அதில் அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் தெருவே கூடும்படி சைரன் அலறும். யார் யாருக்கு நம்பர், எந்த நேரத்துக்கு வேலை செய்ய வேண்டும், முடிவு பண்ணிச் சொல்லுங்கள் என்றார். எனக்கும் மனைவிக்கும் எந்நேரமும். அதில் சண்டையில்லை. சண்டை வந்தது அக்காவால்.

அக்கா என்று நாங்கள் கூப்பிடுவது ஆறு வருடமாக எங்கள் வீட்டில் வேலை செய்பவரை. அவர் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லை மூடியபிறகு பாத்திரம் தேய்க்க வந்தவர். வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும். காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை அவர் நம்பர் வேலை செய்தால் போதும் என்றேன்.

"மழ வந்தா மாடித் துணிய நீங்களா வந்து எடுப்பீங்க?" என்றாள் கான்வென்ட் டீச்சரான என் மனைவி.

நம்பிக்கை வேறு, பாதுகாப்பு வேறு என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். சர்ச் பூசையில் சாமியார்கூட அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளமாட்டார். ஜெயித்தது அவள்தான். அக்காவுக்கும் எந்நேரமும். பெட்டிக்கு மாஸ்டர் நான் என்பதால் அக்காவின் நம்பரை நானே பதிந்து, நானே அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

கிளம்பும்போதுதான் அந்த டெக்னீஷியன் குண்டைப் போட்டார். வருவது போவது எல்லாம் பெயரோடு டீச்சர் போனுக்கும் மெசேஜ் வந்துவிடுமாம்.

விஷயம் இதுதான். எனக்குச் சுகர் வந்து மூன்று வருடம். இனிப்பைத் தொடமாட்டேன் என்று மாதா சொரூபம் வைத்த கெபி முன்னால் நின்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் தினமும் பதினொன்றே முக்காலுக்கு ஆபீசிலிருந்து நழுவி, பிளம் கேக் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, தின்றுவிட்டு, ஃபேனுக்குக் கீழே கொஞ்சம் படுத்துவிட்டுப் போவேன். கடையிலேயே நின்று தின்னக்கூடாதா என்றால், பாண்டியில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள், மீதிப் பேர் அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள். சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் இதைச் சொன்னதில்லை.

இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மூன்றாம் நாள் வந்து, கதவைத் திறந்து, அக்காவின் நம்பரை அழுத்தினேன். அக்கா துணி எடுக்க வந்தார் என்று நினைத்துக்கொள்வாள், அவ்வளவுதானே. அன்று கேக் கூடுதலாகவே இனித்தது.

இரண்டு வாரம் ஓடியது. ஒரு சனிக்கிழமை காலை அக்கா கூட்டிக்கொண்டிருந்தபோது மனைவி போனோடு வந்து உட்கார்ந்தாள். திட்டுகிற குரல் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. தினமும் பதினொன்றே முக்காலுக்கு வந்து அரை மணி நேரம் இருக்கிறீர்களே, வெயில் கொளுத்துகிறது, துணியும் கொடியிலேயே கிடக்கிறது, எதற்காக வருகிறீர்கள் என்று அக்காவிடம் கேட்டாள்.

அக்கா துடைப்பத்தை நிறுத்தி என்னை ஒரு தடவை பார்த்தார். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், அதாவது பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா டீச்சர், நான்தான் வந்தேன். ஃபேன் காத்துல செத்த நேரம் படுத்துட்டுப் போலாம்னு."

மனைவியின் முகம் விழுந்துவிட்டது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றாள். இனி காலையில் மட்டும் வந்தால் போதும், சாவி இங்கேயே இருக்கட்டும் என்றாள். அக்கா இடுப்பிலிருந்த சாவியை எடுத்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். வெட்கத்தில் எனக்குக் காது இரண்டும் எரிந்தன.

"அக்கா இல்ல. வந்தது நான்," என்றேன். "கேக் தின்ன."

அன்று எனக்குக் கிடைத்த அர்ச்சனையை எழுதினால் பக்கம் போதாது. முடிவை மட்டும் சொல்கிறேன். மாஸ்டர் இப்போது அவள். அக்காவுக்குச் சாவி திரும்பக் கிடைத்தது, புது நம்பரும் கிடைத்தது, அது எந்நேரமும் வேலை செய்யும். என் நம்பர் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல்தான் வேலை செய்யும்.

ஒரு மாதம் தாங்கினேன். ஒரு நாள் பதினொன்றரைக்கு வானம் கறுத்தது. அக்கா துணி எடுக்க வருவார் என்று திட்டம் போட்டு, கேக் பொட்டலத்தோடு என் வீட்டு வாசலில் விருந்தாளி மாதிரி நின்றேன். அக்கா வந்தார், கதவைத் திறந்தார், எனக்குத் தெரியாதபடி கையால் மறைத்துக்கொண்டு நம்பரை அழுத்தினார். அன்றைக்கு ஏன் என் பழியைத் தலையில் போட்டுக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"மூணு வருசமா தட்டுல இருக்கிற கேக் தூள நான்தானே கழுவுறேன் சார். டீச்சர் அப்பவே கேட்டிருந்தாலும் நான்தான் தின்னேன்னு சொல்லியிருப்பேன்."

பொட்டலத்தை அவர் கையில் வைத்து, நீங்களே சாப்பிடுங்கள் என்றேன்.

"எனக்கும் சுகருதான் சார்," என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அக்கா துணி எடுக்க மாடிக்குப் போனார்.