பெண் வீட்டார் முன்னால் வில்லன் வேஷம்

தேங்காய் எண்ணெயில் அரிதாரத்தைக் குழைக்கும்போது ஒரு வாசனை வரும் பாருங்கள்... இன்றைக்கும் எங்காவது அது அடித்தால் இரண்டடி தள்ளிப் போய்விடுவேன். ஓசூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிடித்த பயம் அது.

ஐம்பதுகளின் நடுவில் எங்கள் நாடகக் கம்பெனி அங்கே கேம்ப் போட்டிருந்தது. இப்போது ஓசூரில் கம்பெனி என்றால் ஷிப்ட், கேன்டீன் என்பார்கள். அப்போது கம்பெனி என்றால் நாங்கள்தான். தகரக் கொட்டகை, முன்னால் நாலு வரிசை பெஞ்சு, பின்னால் மணல் தரை. வெளியூர் ஜனம் வெளிச்சத்திலேயே பஸ் பிடிக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை மட்டும் பகல் ஆட்டம்.

எனக்கு இருபத்தைந்து வயது. கல்யாணம் ஆகவில்லை. மூன்று வீட்டில் "கூத்தாடிக்கா?" என்று கேட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். அப்பா, அம்மா கிடையாது, எனக்காகப் போய்ப் பேச ஆள் இல்லை. ஒரு வீடு, ஒரு குடும்பம் என்று இருக்க அத்தனை ஆசை... வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த ஆசையில் அழுதும் இருக்கிறேன்.

நாலாவதாக வந்தது பக்கத்து ஊர் மத்திகிரி வரன். பெண் நாகம்மா. அவள் அப்பா முனியப்பாவுக்கு அங்கே மாட்டுப் பண்ணையில் வேலை. எங்கள் டிக்கெட் கவுன்டர் பாஷா பாய்தான் பேச்சை எடுத்தார். பையன் தங்கம், நாடகத்தில் கூட நல்ல அண்ணன் வேஷம்தான் கட்டுவான், தங்கச்சிக்காக உயிரையே கொடுப்பான், ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டார். நான் போய்ப் பெண் பார்ப்பதற்குப் பதில், அவர்கள் கொட்டகைக்கு வந்து மாப்பிள்ளை பார்ப்பதாக ஏற்பாடு.

அந்த ஞாயிறு காலையில் எங்கள் வில்லன் நடிகருக்குப் பொன்னுக்கு வீங்கி! கன்னம் இரண்டும் பூசணிக்காய். வாயைத் திறக்க முடியவில்லை.

எங்கள் கம்பெனியில் எல்லாருக்கும் எல்லாப் பாடமும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் படுத்தால் இன்னொருவர் அந்த வேஷத்தில் நிற்க வேண்டும். நாடகம் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என்னைக் கை காட்டினார். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். பெண் வீட்டார் வருகிறார்கள், இன்றைக்கு ஒருநாள் வேறு யாரையாவது போடுங்கள் என்றேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்.

"அவங்களும் டிக்கெட் வாங்கித்தான வராங்க? கொறச்சு நடிச்சே, நாளைக்கு மூட்டயக் கட்டிக்க."

குடிகாரப் புருஷன் வேஷம். பெண்டாட்டியை அடித்து, முடியைப் பிடித்து இழுத்து, மேடைப் பலகையில் தள்ள வேண்டும். பெண்டாட்டியாக வேஷம் கட்டியவன் கோவிந்து என்கிற ஆண்பிள்ளை. தலையில் டோப்பா.

முதல் பெஞ்சில் முனியப்பா, அவர் சம்சாரம், நடுவில் பச்சைச் சேலையில் அவள். கொஞ்சம் மெதுவாக அடித்துவிடலாமா, பாதி வசனத்தை முழுங்கிவிடலாமா என்று இருந்தது. ஆனால் கொட்டகை நிறைய ஜனம்... வேஷம் போட்ட பிறகு அவர்களை ஏமாற்ற மனசு வரவில்லை. அடித்தேன், இழுத்தேன், தள்ளினேன். மணலிலிருந்து ஒரு செருப்பு பறந்து வந்தது. எனக்கு மாமியாராக வேண்டியவர் எழுந்து நின்று தெலுங்கில் ஒரு சாபம், கன்னடத்தில் ஒரு சாபம், மிச்சத்தைத் தமிழில் கொடுத்தார். அடுத்த சீனில் பார்த்தால் பெஞ்சில் மூன்று பேரும் இல்லை.

போச்சு, இந்த ஜென்மத்தில் இனி நமக்குக் கல்யாணம் இல்லை என்று குப்புறப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் முனியப்பா வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வீட்டில் அம்மாக்காரி வேண்டவே வேண்டாம் என்று ஒரே பிடியாம். அதிகம் பேசாத மகள்தான் வாயைத் திறந்தாளாம்.

"என் பொண்ணு சொல்லுதுங்க... கீழ தள்றப்போ அந்தம்மா தல பலகையில மோதாம நீங்க உங்க கைய அடியில குடுத்தீங்களாம். கை நசுங்கியும் மூஞ்சியில காட்டிக்கலியாம். எங் கண்ணுல அதெல்லாம் படலீங்க. கையக் காட்டுங்க, பாக்கலாம்."

நீட்டினேன். இடது புறங்கை வீங்கி நீலம் பாரித்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், தை மாசத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

பிற்பாடு நாடகம் போய் சினிமா வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் குடிகார அப்பா, கொடுமைக்கார மாமா, ஊரைக் கெடுக்கும் பண்ணையார். போஸ்டரில் முகம் வராது. ஆனால் இந்த அண்ணன் அடிக்கிற சீன் என்றால் பயமில்லை என்று கூட நடித்த பெண்கள் சொல்லிச் சொல்லியே எனக்கு அடுத்தடுத்த படம் கிடைத்தது. அவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கட்டும். இப்போது ஷூட்டிங்கில் மெத்தை போடுகிறார்கள், டூப் வைக்கிறார்கள். வில்லனோடு ஜனங்கள் செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள்! எங்களுக்குச் செருப்புதான் வந்தது.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து ஒருநாள், மனசு உறுத்தி நாகம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். நான் ஒன்றும் கருணையில் கை கொடுக்கவில்லை, டோப்பா கழன்றால் கொட்டகையே சிரித்துவிடும், அதற்காகத்தான் பிடித்துக்கொண்டேன், நீ ஏமாந்துவிட்டாய் என்றேன்.

அவள் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"டோப்பாவத்தான் சோத்துக் கையில புடிச்சிருந்தீங்களே. பீச்சாங்கை எதுக்கு அடியில போச்சு?"

சத்தியமாக அதுவரை நானே யோசித்ததில்லை.

அவள் போய் நாலு வருஷமாகிறது. அன்றைக்கு அத்தனை ஜனமும் ஒரு குடிகாரனைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தபோது, ஒருத்தி மட்டும் என்னைப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை.