எதிரெதிர் மேடையில் ரூபனும் நாங்களும்

1. முழங்கை

ரூபன் தன் முதல் தனிப்பாட்டை யூடியூப்பில் ஏற்றியபோது, அதன் முகப்புப் படத்தில் என் முழங்கையும் இருந்தது. கிளிநொச்சி நிகழ்ச்சி ஒன்றில் நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து எடுத்த படம் அது. மற்ற மூன்று பேரையும் வெட்டிவிட்டான். டிரம்ஸ் அடிக்கிறவனுக்குக் கை அகலமாக விரியும், அதனால் என்னை முழுதாக வெட்ட முடியவில்லை.

மேடை வாத்தியத்துக்கு வரும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் அக்கராயனில் வயல் செய்கிறவன். நெல் ஸ்டோர் ஒன்றில் மூட்டைகளை ஒதுக்கிவிட்டு எங்கள் றொக் குழு வாசித்துப் பழகும். ரூபன் பாடுவான். சிவா கிற்றார். மல்லாவிப் பாடசாலை ஒன்றில் சங்கீதம் படிப்பிக்கிற தர்சினி ரீச்சர் கீபோர்ட். வன்னியில் றொக்கைச் சத்தப்பாட்டு என்பார்கள். ஆனாலும் திருவிழாக்களுக்குக் கூப்பிடுவார்கள்.

ரூபனின் பாட்டு தனிமையைப் பற்றியது. தனக்கு ஒருவரும் இல்லை என்று உருகியிருந்தான். அந்த ஒருவரும் இல்லாத பாட்டுக்கு மூன்று பேர் வாசித்திருந்தோம். ஒத்திகை என்று சொல்லித்தான் எங்களை வாசிக்க வைத்து ரெக்கோட் பண்ணியிருந்தான்.

"அண்ணை, நான் குழுவை விட்டுப் போகேல்லை. இது என்ர சோலோ. குழுவுக்கும் பெருமைதானே?" என்றான்.

"பெருமைப்பட எங்களுக்கு முகம் வேணுமே ரூபன். அதை வெட்டிப்போட்டியே," என்றார் தர்சினி.

அவனுக்கு அது ஏறவில்லை. இனிமேல் மேடையில் தான் முன்னுக்கு நிற்பதாகவும், நாங்கள் கறுப்பு உடுப்புப் போட்டுப் பின்னுக்கு நின்று வாசிக்க வேண்டும் என்றும் சொன்னான். லைட்டும் எங்கள் மேல் விழாதாம். தர்சினி கீபோர்ட்டை உறையில் போட்டு மூடிவிட்டார். மறுகிழமை ரூபன் வாத்தியத்தைப் பதிந்த ஒரு பென் டிரைவோடு தனியாகப் புறப்பட்டுவிட்டான். பென் டிரைவ் எந்த உடுப்புக்கும் மறுப்புச் சொல்லாது.

எனக்கு அது பெரிய மனவருத்தம். பாடகன் இல்லாத குழுவை ஒருவரும் கூப்பிடவில்லை. தண்ணீரூற்றுப் பக்கத்துக் கோயில் ஒன்றின் திருவிழா மட்டும் மிச்சமிருந்தது. அதுவும் சரிவராவிட்டால் குழுவைக் கலைத்துவிடுவது என்று முடிவெடுத்திருந்தோம்.

2. தலைவரின் ஏற்பாடு

அந்தக் கோயில் பரிபாலன சபைத் தலைவர் எங்களையும் கூப்பிட்டார், ரூபனையும் கூப்பிட்டார்.

"பிரிஞ்சிட்டியள் எண்டு கேள்விப்பட்டன். நல்லதாப் போச்சு," என்றார் என்னிடம். "மேளத்துக்கு ரண்டு செற்றைப் பிடிச்சு எதிரெதிரா விடுறேல்லையே? அதுமாதிரி உங்களையும் ஒருக்கா விட்டுப் பாப்பம்."

"ஐயா, அது தவில். இது றொக்."

"எல்லாம் அடிக்கிறதுதானே தம்பி."

கோயில் வீதியின் இரண்டு பக்கமும் இரண்டு மேடை போட்டுவிட்டார்.

3. மோட்டார் சைக்கிள்

பின்னேரம் வெயில் போன பிறகும் ரூபன் கறுப்புக் கண்ணாடியோடு மேடையேறினான். ஒரு பாட்டு அங்கே, ஒரு பாட்டு இங்கே என்று ஒழுங்கு. எங்களிடம் பாட ஆளில்லை. தர்சினி பாட்டு வரிகளைக் கீபோர்ட்டில் புல்லாங்குழல் டோனில் வாசித்தார். சனம் கொஞ்ச நேரம் மரியாதைக்கு நின்றுவிட்டு ரூபன் பக்கம் நகரத் தொடங்கியது. எங்கள் மேடைக்கு முன்னால் கச்சான் கடலை விற்கிறவர்தான் மிச்சம். குழு முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்போது ரூபன் தன் தனிமைப் பாட்டைத் தொடங்கினான். முதல் சரணம் முடியமுதல் தலைவர் மேடையேறி அவன் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

எங்கள் கோயில்களில் சபைத் தலைவர் யாருடைய மைக்கையும் எப்போதும் வாங்குவார். மேடைக்காரர் எல்லாருக்கும் இது தெரியும். மேடை ஓரத்தில் வேட்டி தெரிந்ததும் நான் சத்தத்தைக் குறைப்பேன். சிவா கிற்றாரில் ஒரே கோர்ட்டையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு நிற்பான். அறிவித்தல் முடிந்ததும் விட்ட இடத்தில் பாட்டைப் பிடிப்போம். பென் டிரைவுக்கு வேட்டி தெரியாது.

"தேர்முட்டிக்கு முன்னாலை நிக்கிற சிவப்பு மோட்டச்சைக்கிள் ஆற்றையெண்டாலும் உடனை எடுங்கோ," என்று தலைவர் அறிவித்தார். அவருக்குப் பின்னால் ரூபனின் குரல் ஸ்பீக்கரில் உருகிக்கொண்டே இருந்தது. ரூபனின் வாய் மூடியிருந்தது. வாத்தியத்தோடு குரலையும் சேர்த்தே பதிந்து கொண்டுவந்திருக்கிறான்.

"ஐயா நல்லாப் பாடுறார்!" என்று ஒருவர் கத்தினார். வீதி முழுக்கச் சிரித்தது. பாடுவது யார் என்று தலைவரே திரும்பிப் பார்த்தார். சவுண்ட்காரர் பதறிப்போய்ப் பென் டிரைவைப் பிடுங்க, எல்லாம் நின்றது.

நான் சந்தோசப்பட்டேன், மறைக்கவில்லை. ஆனால் அவன் கண்ணாடியைக் கழற்றினான். அழப்போகிற முகம். எத்தனை மேடையில் எனக்கு முன்னால் நின்று பாடியவன் அவன். எனக்குப் பொறுக்கவில்லை.

"விடுங்கோ அண்ணை, நல்லா நாறட்டும்," என்றார் தர்சினி.

நான் குச்சிகளைத் தட்டி எண்ணினேன். முதலில் கீபோர்ட்டில் விழுந்தது அவருடைய கைதான். சிவாவும் சேர்ந்தான். நாங்கள் வாசித்த பாட்டுத்தானே, மறக்குமா?

ரூபன் மைக்கைத் திரும்ப வாங்கி அங்கிருந்தே பாடினான். தூரத்தில் எங்கள் தாளம் அவனுக்குப் பிந்திக் கேட்டது. இரண்டு வரி இழுபட்டான். பிறகு மைக்கை வைத்துவிட்டு இறங்கி, சனத்தை விலக்கிக்கொண்டு வீதியைக் கடந்து எங்கள் மேடையில் ஏறினான். நான் ஸ்ராண்டில் இருந்த மைக்கைக் காட்டினேன். அன்றைக்குப் பாடியதுபோல அவன் ஒருநாளும் பாடியதில்லை. சனமும் அவனுக்குப் பின்னால் வந்துவிட்டது.

எந்தப் பக்கம் வென்றது என்று தலைவருக்குக் குழப்பம். இரண்டு பக்கமும் வெற்றி என்று அறிவித்து, இருந்த ஒரே பொன்னாடையை ரூபனுக்கே போர்த்தினார்.

சனம் கலைந்த பிறகு ரூபன் என்னிடம் வந்தான். மன்னிப்புக் கேட்பான் என்று பார்த்தேன்.

"அண்ணை, ரண்டாம் சரணத்திலை தாளத்தைக் கொஞ்சம் வேகமா ஓட்டிட்டியள்," என்றான்.

முந்தி ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் சொல்கிற அதே குறை. எனக்கு அவ்வளவு சந்தோசம். தர்சினிக்கு இல்லை.

"பொன்னாடையை மடிச்சு வைச்சிட்டு வந்து கேபிளைச் சுத்து," என்றார். அவன் நிலத்தில் குந்தியிருந்து எல்லாக் கேபிளையும் சுற்றினான்.

ரூபன் இப்போதும் தனிப்பாட்டு வெளியிடுகிறான். நாங்கள்தான் வாசிக்கிறோம், கறுப்பு உடுப்பு இல்லாமல். நீங்களும் வெளியிடுங்கள், அதில் பிழையில்லை. உங்கள் மைக்கை ஒருவர் வந்து வாங்கும்போது, அது திரும்பி வரும்வரை உங்களுக்காகத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆட்களை வைத்துக்கொண்டு, தனியாகப் பாடுங்கள்.