மொட்டைக்கு லட்டு எங்கே?

நேற்று எங்கள் அபார்ட்மென்டில் எல்லோருக்கும் திருப்பதி லட்டு கொடுத்தேன்.

நான் திருப்பதிக்குப் போயே பல வருஷம் ஆகிறது!

கீமோ முடிந்து இரும்புலியூர் வீட்டில் ரெஸ்டில் இருக்கிறேன். ரெஸ்ட் என்றால், நைட்டியிலேயே விடிந்து நைட்டியிலேயே இருட்டுவது. சீரியலில் அழுகிற பெண்களைப் பார்த்து, "உனக்கெல்லாம் என்னடி கஷ்டம், தலை நிறைய முடி இருக்கே!" என்று திட்டுவது. (என் முடி எப்போதோ டாட்டா காட்டிவிட்டது.)

இங்கே குடிவந்து கொஞ்ச நாள்தான். யாருக்கும் விஷயம் தெரியாது. சொல்லக் கூடாது என்று வீட்டுக்காரரிடம் சத்தியமே வாங்கியிருந்தேன்.

காரணம் இருக்கிறது. பழைய வீட்டில் என்னைப் பார்க்க வந்த ஒரு அம்மா, ஆப்பிள் பையை நீட்டிக்கொண்டே, "எங்க சித்திக்கும் இதேதாம்மா. நல்லாத்தான் இருந்தாங்க... போன ஆடியில..." என்று மூக்கைச் சிந்தினார்.

அதற்கப்புறம் எனக்கு எங்கே தூக்கம்? அந்த 'ஐயோ பாவம்' முகத்தை இனி ஜென்மத்துக்கும் பார்க்க முடியாது. செத்தாலும் முடியாது. (அந்த வார்த்தையை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.)

நேற்று மதியம் கரண்ட் கட். வெந்துபோய், தலையில் சுற்றியிருந்த துப்பட்டாவை உருவிப் போட்டுவிட்டுக் காற்றுக்காகக் கதவைத் திறந்தேன்.

எதிரே மேல் வீட்டு கோமதி அக்கா!

"அடடே சுதா! திருப்பதியா? சொல்லவே இல்ல! லட்டு எங்க?"

மொட்டையைப் பார்த்தால் நம் ஊரில் வேறு எதுவும் தோன்றாது. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

"ஆமாக்கா! லட்டு... அவர் பையில இருக்கு. சாயங்காலம் தரேன்."

உடனே வீட்டுக்காரருக்கு போன். "ஏங்க, வர்றப்ப தாம்பரத்துல லட்டு வாங்கிட்டு வாங்க. யாரும் பார்க்காம எடுத்துட்டு வாங்க!"

"டாக்டர் உனக்கு ஸ்வீட் சாப்பிடலாம்னு சொன்னாராடி?"

"எனக்கில்ல. பிரசாதத்துக்கு!"

மனுஷன் பாவம், ஒன்றும் புரியாமல் வாங்கி வந்தார். கடை லட்டு சின்னதுதான். ஆனால் பிரசாதத்தை யார் முழுசாகக் கொடுக்கிறார்கள்? உதிர்த்து, பூஜை ஷெல்ஃபில் இருந்த பச்சைக் கற்பூரத்தை ஒரு சிட்டிகை தூவினேன். வாசனை அள்ளியது! (பெருமாளே, மன்னிச்சிடு.)

கோமதி அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"கூட்டமா?"

"செம கூட்டம்கா. டோக்கன் போட்டு, காலையில இருந்து சாப்பிடாம உக்காந்திருந்தேன்."

"உள்ள நல்லா பார்க்க விட்டாங்களா?"

"எங்க விட்டாங்க? ரெண்டு நிமிஷம் கூட இல்ல. 'அடுத்து, அடுத்து'ன்னு தள்ளிட்டாங்க."

(ஒரு வார்த்தை பொய்யில்லை. ஆஸ்பத்திரியின் பெயரை மட்டும்தான் சொல்லவில்லை.)

கடைசியாக, கீழ் வீட்டு மும்தாஜ் அக்கா வந்தார். இவர் வீட்டுக்காரருக்கு மார்க்கெட்டில் ஃபேன்சி ஸ்டோர். லட்டை வாங்கிக்கொண்டார். மொட்டையைப் பார்த்தார். அப்புறம் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"இன்னாடி, புருவம் எங்க? அதையுமா காணிக்கை குடுத்துட்ட?"

செத்தேன்! தலையை மறைக்கப் பட்ட பாட்டில், புருவமும் கொட்டிப்போனதை யோசிக்கவே இல்லை!

வாய் உளறியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. இதோ, அந்த 'பாவம்' முகம் வரப்போகிறது, சித்தி கதை வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"ட்ரீட்மென்ட் முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சுக்கா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"எனக்கு வேற வேலை இல்ல பாரு!" என்று லட்டை வாயில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அவ்வளவுதான். கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தேன் பாருங்கள், இருமல் வரும்வரை சிரித்தேன். எத்தனை மாசமாயிற்று!

இன்று காலையில் காலிங் பெல். மும்தாஜ் அக்கா. கையில் ஐப்ரோ பென்சில்.

"பொய் சொன்னா முழுசா சொல்லணும்டி. உக்காரு."

அவரே வரைந்துவிட்டார். இடது புருவம் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. இப்போது யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படுகிற மாதிரியே இருக்கிறேன். வீட்டுக்காரர் காபி கொடுக்கும்போதே, "நான் ஒண்ணும் பண்ணலையே?" என்றார்.

கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் கோமதி அக்கா.

"திருப்பதி போய்ட்டு வந்ததுல இருந்து முகத்துல என்ன ஒரு களை! அடுத்த தடவை போறப்ப சொல்லு, நானும் வரேன்."

"அய்யோ, வேணாம்கா! இனிமே அந்தப் பக்கமே வரக்கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டு வந்திருக்கேன்."

"அடிப்பாவி! யாராவது அப்படி வேண்டுவாங்களா?"

வேண்டுவேன் அக்கா. தினமும் அதைத்தான் வேண்டுகிறேன்.

மக்களே, நீங்களும் எனக்காக அதையே வேண்டிக்கொள்ளுங்கள். லட்டு என் பொறுப்பு!