பறுவத்தில் போன துருவப் பயணம்

பஞ்சாங்கத்தில் எனக்கு நம்பிக்கையில்லை என்று மேடையேறிப் பேசியிருக்கிறேன். ஆனாலும், ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலேயுள்ள ஒரு தேசியப் பூங்காவுக்குத் துருவ ஒளி பார்க்கப் போன நாளை, லண்டன் கோலியர்ஸ் வுட் பலசரக்குக் கடையில் இனாமாகத் தந்த தமிழ்க் கலண்டரைப் பார்த்துத்தான் குறித்தேன். காரணம் பக்தியல்ல, நாக்கு. அமாவாசையில் காலமான அப்பாவுக்காக விரதம், மரக்கறி மட்டும். அங்கே தங்கவிருந்த விடுதியின் விளம்பரப் படத்திலோ கலைமான் இறைச்சியில் ஆவி பறந்தது. அமாவாசை வாரத்தை வெட்டிவிட்டு, முழுநிலவு வரும் பறுவத்தைப் பிடித்தேன்.

போகவேண்டி வந்ததற்கும் நானே காரணம். ஒரு மே மாதம் அந்த ஒளி லண்டனுக்கே வந்திருந்தது. "வெளியில வந்து வானத்தைப் பாருங்கோ அத்தான்" என்று சட்டனிலிருந்து மைத்துனி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை, வழக்கமான புரளி என்று மூடிவிட்டேன். நித்திரையிலிருந்த மனைவியை எழுப்பவில்லை. மறுநாள் வேலையிடத்தில் எல்லோரும் தாங்கள் எடுத்த ஒளிப் படங்களை அவளுக்குக் காட்டினார்களாம்.

"ஒருக்கா என்ர கண்ணால பாக்க வேணும்" என்றாள்.

அங்கே மாரிகாலக் குளிர். பிற்பகல் மூன்று மணிக்கே பொழுது சாய்ந்துவிட்டது. இருட்டு மட்டும் வரவில்லை. நிலவு வந்தது. ஒரு வழிகாட்டிப் பெண்ணோடு நானும் மனைவியும் உறைந்த ஏரியோரமாக நடந்தோம். மரங்களின் நிழல்கள் பனியில் நீலமாய்க் கிடந்தன. எங்கள் மூச்சு எங்களுக்கு முன்னே போனது. காலடியில் பனி நொறுங்கும் சத்தம்; நின்றால் அதுவுமில்லை. செத்துப்போனேனோ என்று ஒரு கணம் யோசித்தேன். கால்விரல் வலித்ததால் இல்லையென்று முடிவுசெய்தேன்.

வடக்கே சாம்பலாய் ஒரு கீற்று அசைந்தது.

"அந்தா!" என்றேன்.

"அது முகில்" என்றாள் மனைவி.

வழிகாட்டிப் பெண் தன் போனை உயர்த்திப் படமெடுத்துக் காட்டினாள். திரையில் மெல்லிய பச்சை. "ஒளிதான். நிலவு அதை விழுங்கிவிடுகிறது. நிலவில்லாத நாளாகப் பார்த்துத்தான் எல்லோரும் வருவார்கள். நீங்கள் ஏன்...?" என்றாள். விரதத்தையும் கலைமானையும் ஆங்கிலத்தில் விளக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கீற்றுக் கரையும்வரை மனைவி அண்ணாந்தபடியே நின்றாள். இமையில் பனி படிந்திருந்தது. அங்கே தங்கிய மூன்று மாலைகளும் இப்படியே. இறைச்சி நன்றாகத்தான் இருந்தது.

லண்டன் திரும்பியதும் அவள் சமையலறைக் கலண்டரைக் கழற்றி, மாரிகால அமாவாசைகளை வட்டமிட்டாள்.

"திரும்பப் போவம். நீங்கள் அறைக்குள்ள விரதம் இருங்கோ. நான் பாத்திட்டு வந்து சொல்லுறன்."